மக்கள் பெயரால் – 5: வாக்குப்பெட்டி வழியே வந்த பேரரசர்

1851 டிசம்பர் 1, திங்கட்கிழமை. பாரிஸின் எலிசே மாளிகையில் குடியரசுத் தலைவர் வழக்கம்போல விருந்தினர்களை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் கலைந்து போன பின், இரவோடு இரவாக அரசு அச்சகத்தை ஆயுதக் காவலர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தொழிலாளர் யாரும் வெளியேற அனுமதி இல்லை. அச்சுக் கோக்கக் கொடுத்த கையெழுத்துப் படி சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டிருந்தது. தான் கோப்பது என்னவென்று ஒருவருக்கும் முழுதாக விளங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

பொழுது விடிந்தபோது அறிவிப்பு பாரிஸின் சுவர்களில் இருந்தது. தேசிய அவை கலைக்கப்படுகிறது. பாரிஸ் இராணுவ வட்டாரத்தில் முற்றுகைச் சட்டம் நடப்புக்கு வருகிறது. இவற்றுக்கு நடுவே இன்னொரு வரியும் இருந்தது: அனைவருக்குமான வாக்குரிமை மீண்டும் வழங்கப்படுகிறது.

அரசமைப்பைக் கொன்ற அதே தாள்தான் மக்களுக்கு வாக்கைத் திருப்பித் தந்தது. மக்களின் பெயரைச் சொல்லியே மக்களாட்சியை ஒழிக்க முடியும் என்பதை நவீன ஐரோப்பாவுக்கு முழுமையாகக் காட்டியது அந்தச் சுவரொட்டி. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று அறிய, நாம் சென்ற அத்தியாயத்தில் நிறுத்திய இடத்துக்கே, 1848க்கே போக வேண்டும்.

இரண்டரை லட்சம், தொண்ணூறு லட்சமாக

பாரிஸில் வெடித்த புரட்சியால் லூயி பிலிப் மன்னர் 1848 பிப்ரவரி 24 அன்று முடிதுறந்தார். பிரான்ஸ் குடியரசானது. அவருடைய ஆட்சியில் ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியவர்களுக்கே வாக்குரிமை. நாடு முழுவதும் அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்தான். புரட்சி அரசு ஒரே ஆணையில் 21 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரையும் வாக்காளர்கள் ஆக்கியது. எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது. பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பிரான்சில் அவர்கள் 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் அன்றைய உலகில் இதற்கு ஈடான வாக்காளர் கூட்டம் வேறு எந்தப் பெரிய ஐரோப்பிய நாட்டிலும் இல்லை. ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த முதல் தேர்தலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். பல ஊர்களில் தேவாலய வழிபாடு முடிந்ததும் கிராமமே திரண்டு வாக்குச்சாவடிக்கு நடந்து போனது.

இந்த உற்சாகம் நீடிக்கவில்லை. காலியான கருவூலத்தை நிரப்பப் புதிய அரசு நேரடி வரியில் ஒரு பிராங்குக்கு 45 சென்டீம் கூடுதலாக விதித்தது. அதன் சுமை நிலம் வைத்திருந்த உழவர்கள் மேல் விழுந்தது. நாட்டில் நான்கில் மூன்று பங்கினர் கிராமத்தவர்கள். அவர்களுக்குக் குடியரசு முதலில் வரி வசூலிப்பவனின் உருவில்தான் வந்து சேர்ந்தது.

நகரத் தொழிலாளர்களுக்கு அடி வேறு விதமாக விழுந்தது. வேலையற்றோருக்காகத் திறந்த தேசியப் பட்டறைகளை ஜூனில் அரசு மூட முனைந்தது. பாரிஸின் கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் தெருக்களை அடைத்துத் தடுப்பரண் எழுப்பினார்கள். ஜெனரல் கவெய்ஞாக்கின் படைகள் நான்கு நாட்களில் அவர்களை நசுக்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், மேலும் ஆயிரக்கணக்கானோர் கைதாகி, பலர் அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நான்கு மாதக் குழந்தையான குடியரசு, தன்னைப் பெற்றெடுத்தவர்களையே சுட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெயரே சொத்தாக வந்தவர்

இந்தச் சமயத்தில்தான் லூயி நெப்போலியன் போனபார்ட் திரும்பி வந்தார். மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன். 1808இல் பாரிஸில் பிறந்து, பேரரசு விழுந்த பின் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வளர்ந்தவர். அவர் பேசிய பிரெஞ்சில் ஜெர்மன் சாயல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு முறை ஆட்சியைப் பிடிக்க முயன்று கேலிக்கு ஆளானவர்: 1836இல் ஸ்ட்ராஸ்பூர்க் படை முகாமில், 1840இல் பூலோன் கடற்கரையில். இரண்டாம் முறை ஆயுள் தண்டனை கிடைத்து ஹாம் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1846இல் கட்டடத் தொழிலாளி வேடத்தில், தோளில் ஒரு பலகையைச் சுமந்தபடி, காவலர்கள் கண்ணெதிரே நடந்து தப்பினார்.

சிறையில் அவர் வீணாக இருக்கவில்லை. ஏழ்மையை ஒழிப்பது பற்றி 1844இல் ஒரு சிறு நூல் எழுதினார். தரிசு நிலங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் அமைக்கலாம் என்பது அதன் யோசனை. நடைமுறைக்கு அது எவ்வளவு ஒத்துவரும் என்பது வேறு கேள்வி. அரசியலில் பெரிய இடத்துப் பிள்ளை ஒருவர் ஏழைகளைப் பற்றி அக்கறையோடு எழுதினார் என்ற செய்தி பரவியது. அதுவே போதுமானதாக இருந்தது.

பெயரின் மகிமையையோ மற்றவர்களே வளர்த்து வைத்திருந்தார்கள். 1840 டிசம்பரில் லூயி பிலிப் அரசே நெப்போலியனின் உடலைச் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து வரவழைத்துப் பாரிஸில் கோலாகலமாக அடக்கம் செய்தது. உழவர் வீடுகளின் சுவரில் மாவீரனின் வண்ணப்படம் தொங்கியது. பழைய படைவீரர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை தோற்றது

1848 அக்டோபரில் அரசமைப்பு விவாதம் நடந்தது. குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா? ஜூல் கிரெவி என்ற உறுப்பினர் எழுந்து வேண்டாம் என்றார். நாடு முழுவதும் சேர்ந்து ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், தனித்தனியே தேர்வான 750 உறுப்பினர்களைவிடத் தானே நாடு என்று அவர் எண்ணிக்கொள்வார். பேராசை பிடித்த ஒருவர், அதிலும் முன்பு ஆண்ட குடும்பம் ஒன்றின் வாரிசு அந்த இடத்துக்கு வந்தால், பதவியை விட்டு இறங்க மாட்டார். கிரெவியின் வாதம் இதுதான். கவிஞர் லாமார்த்தீன் எதிர்த்துப் பேசினார். ஆபத்து இருக்கலாம், ஆனாலும் மக்களை நம்பி முடிவை அவர்களிடமே விடுவோம் என்றார். அவை லாமார்த்தீன் பக்கம் சாய்ந்தது. கிரெவியின் திருத்தம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

இருந்தாலும் அரசமைப்பை எழுதியவர்கள் காவல் இல்லாமல் விடவில்லை. தலைவரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அது முடிந்ததும் உடனே மறுபடி போட்டியிட முடியாது. அவையைத் தலைவர் கலைத்தால் அது இராஜத்துரோகம். அந்தக் கணமே அவர் பதவி இழப்பார். அவருக்குக் கீழ்ப்படிய மறுப்பது குடிமக்களின் கடமை. 68ஆம் பிரிவு இதைத் தெள்ளத் தெளிவாகச் சொன்னது.

டிசம்பர் 10, 11 தேதிகளில் தேர்தல் நடந்தது. லூயி நெப்போலியனுக்கு 54 லட்சம் வாக்குகள், அதாவது ஏறக்குறைய 74 விழுக்காடு. ஆட்சியில் இருந்த கவெய்ஞாக்குக்குச் சுமார் 14.5 லட்சம். இடதுசாரி லெட்ரூ-ரோலேனுக்கு 3.7 லட்சம். மக்களை நம்புவோம் என்ற லாமார்த்தீனுக்குக் கிடைத்தது 20,000 அளவிலேயே.

இந்த 54 லட்சம் பேரும் ஒன்றை எண்ணி வாக்களிக்கவில்லை. உழவர் 45 சென்டீம் வரி ஒழியும் என்று நம்பினார். தொழிலாளி, ஜூனில் தன்னைச் சுட்ட தளபதியைத் தோற்கடித்தார். முடியரசுவாதிகள் ஒழுங்கு திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். விக்டர் ஹ்யூகோவின் குடும்பம் நடத்திய நாளிதழும் அவரைத்தான் ஆதரித்தது. தியேர் போன்ற பழுத்த அரசியல்வாதிகள், அனுபவமில்லாத இந்த ஆளைத் தாங்கள் விரும்பியபடி ஆட்டிவைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஒவ்வொருவரும் அந்தப் பெயருக்குள் தம் ஆசையை ஊற்றினார்கள். தெளிவான கொள்கை சொல்லாத தலைவருக்கு இதுவே பலம். யாரிடமும் எதையும் மறுக்காதவரை, எல்லாருக்கும் அவர் வேண்டியவரே.

டிசம்பர் 20 அன்று அவை முன் நின்று, குடியரசுக்கு உண்மையாக இருப்பதாகவும் அரசமைப்பைக் காப்பதாகவும் அவர் உறுதிமொழி ஏற்றார்.

அவை தன் கையாலேயே வெட்டிய குழி

1849 மேயில் அவைக்குத் தேர்தல் நடந்தது. ஒழுங்குக் கட்சி என்று அழைக்கப்பட்ட பழமைவாதக் கூட்டணி பெரும்பான்மை பெற்றது. ஆனால் இடதுசாரிகளும் கிராமப்புறங்களில்கூட எதிர்பாராத இடங்களைப் பிடித்தார்கள். 1850 தொடக்கத்தில் நடந்த இடைத்தேர்தல்களிலும் பாரிஸ் இடதுசாரிகளைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பான்மையினருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதிராளியை வாக்கால் வெல்வதைவிட வாக்காளரைக் குறைப்பது எளிது என்று முடிவு செய்தார்கள்.

1850 மே 31ஆம் தேதிச் சட்டம் அப்படிப் பிறந்தது. ஒரே இடத்தில் மூன்று ஆண்டுகள் குடியிருந்ததை வரிப் பட்டியல் மூலம் நிரூபித்தால்தான் வாக்கு. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் தொழிலாளியால் எப்படி நிரூபிக்க முடியும்? ஏறக்குறைய 96 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 68 லட்சமாகச் சுருங்கியது. அவையில் தியேர், அந்த ஏழை மக்களை இழிந்த கும்பல் என்றே பேசினார்.

மசோதாவைக் கொண்டுவந்தது தலைவரின் சொந்த அமைச்சரவைதான். ஆனால் அவர் அதை முன்னின்று பேசவில்லை. பழி முழுவதும் அவையின் தலையில் விழும்படி விட்டார். பிறகு ரயில் பாதைத் திறப்பு, தொழிற்சாலைப் பார்வை என்று நாடெங்கும் சுற்றுப்பயணம் போனார். அவையின் கட்சிச் சண்டைகளுக்கு அப்பால் நிற்பவராக, நாட்டின் நாடியை அறிந்த ஒரே மனிதராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். படை அணிவகுப்புகளில் வீரர்களுக்கு விருந்து கிடைத்தது. 1850 அக்டோபரில் சத்தோரி மைதானத்தில் குதிரைப்படையினர் பேரரசர் வாழ்க என்று முழங்கினார்கள். டிசம்பர் 10 சங்கம் என்ற அவருடைய ஆதரவாளர் அமைப்பு, அவர் போகுமிடமெல்லாம் கூட்டம் சேர்த்தது.

அவருடைய பதவிக்காலம் 1852 மேயில் முடிய இருந்தது. மறுபடி போட்டியிட அரசமைப்பைத் திருத்த வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனுக்கள் குவிந்தன. 1851 ஜூலையில் அவையில் 446 பேர் திருத்தத்துக்கு ஆதரவாகவும் 278 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். தேவையோ நான்கில் மூன்று பங்கு. திருத்தம் விழுந்தது. சட்டப்படி அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அவர் எடுத்த அடுத்த அடி சாமர்த்தியமானது. மே 31 சட்டத்தை நீக்குங்கள் என்று அவையிடம் கேட்டார். நவம்பரில் மிகச் சில வாக்கு வித்தியாசத்தில் அவை மறுத்தது. அந்த நாளோடு நாட்டின் கண்ணில் பாத்திரங்கள் இடம் மாறின. மக்களின் வாக்கைப் பறித்து வைத்திருப்பது மக்கள் அவை. அதைத் திருப்பிக் கேட்பவர் அரியணைக்கு ஆசைப்படும் தலைவர். குடியரசைக் காக்க வேண்டியவர்கள், அதை அழிக்க வந்தவரிடம் மக்கள் என்ற ஆயுதத்தைத் தாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. ஆபத்து வந்தால் நேரடியாகப் படையை அழைக்கும் அதிகாரம் அவைக்கு வேண்டும் என்று ஒரு தீர்மானம் நவம்பர் 17 அன்று வந்தது. முடியரசுவாதிகளான பெரும்பான்மையினர் அந்தப் படையைத் தங்கள் மீது ஏவுவார்கள் என்று இடதுசாரிகளில் பெரும்பாலோர் அஞ்சினார்கள். மிஷெல் த பூர்ஷ் என்ற உறுப்பினர், கண்ணுக்குத் தெரியாத காவலாளி ஒருவர் அவையைக் காக்கிறார், மக்களே அந்தக் காவலாளி என்றார். தீர்மானம் தோற்றது. இரண்டு வாரம்தான் இடைவெளி.

டிசம்பர் 2

அந்தத் தேதியை வேண்டுமென்றே தேர்ந்தார்கள். பெரியப்பா நெப்போலியன் 1804இல் முடிசூடியதும் 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் வென்றதும் அதே நாள்தான். தலைவரின் தாய்வழிச் சகோதரர் மோர்னி, போர் அமைச்சர் சேன்-அர்னோ, காவல் துறைத் தலைவர் மோப்பா ஆகியோர் திட்டத்தை நடத்தினார்கள். விடியுமுன் தியேர், கவெய்ஞாக் உட்பட முக்கியமான உறுப்பினர்களும் தளபதிகளும் படுக்கையிலேயே கைதானார்கள். வெளியே மிஞ்சிய இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு நகர்மன்றக் கட்டடத்தில் கூடி, 68ஆம் பிரிவின்படி தலைவர் பதவி இழந்தார் என்று அறிவித்தார்கள். படைவீரர்கள் வந்து அவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கைது செய்தார்கள். அமெரிக்க மக்களாட்சியைப் பற்றி உலகுக்கே விளக்கிச் சொன்ன அலெக்சி த டோக்வில் அவர்களில் ஒருவர்.

பாரிஸ் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். 1848 ஜூனில் சுட்டவர்களில் பலரும் 1850 மேயில் வாக்கைப் பறித்தவர்களும்தான் இப்போது காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். டிசம்பர் 3 அன்று உறுப்பினர் போதேன் தடுப்பரண் மேல் ஏறி நின்று குண்டடிபட்டு இறந்தார். மறுநாள் படைகள் பாரிஸின் அகன்ற வீதிகளில் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

உண்மையான எதிர்ப்பு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தென்கிழக்கு மாவட்டங்களின் கிராமங்களில் உழவர்களும் கைவினைஞர்களும் அரசமைப்பைக் காக்கத் திரண்டார்கள். டீன் நகரைச் சில நாட்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பரிசு கொடியது. மாவட்ட அதிகாரி, படைத் தளபதி, அரசு வழக்கறிஞர் மூவரும் அமர்ந்த கலப்புக் குழுக்கள், சாட்சியும் வாதமும் இன்றிக் கோப்பைப் பார்த்தே தண்டித்தன. 26,000க்கும் மேற்பட்டோர் இந்த வலையில் சிக்கினார்கள். ஏறக்குறைய 10,000 பேருக்கு அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தல். ஹ்யூகோ தப்பிப் போனார். 1870 வரை தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை.

ஆம் என்று சொல்லும் உரிமை

டிசம்பர் 20, 21 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு. ஆதரவு ஏறக்குறைய 74 லட்சம், எதிர்ப்பு 6.4 லட்சம். இதை முழு மோசடி என்று தள்ளிவிட முடியாது. உண்மையான ஆதரவு ஏராளமாக இருந்தது. ஆனால் கேள்வி எந்த நிலையில் கேட்கப்பட்டது என்று பாருங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இராணுவப் பிடியில். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். எதிர்ப்பு இதழ்கள் மூடிக்கிடக்கின்றன. நடந்து முடிந்ததை ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்பதைத் தவிர மக்கள் முன் வேறு வழி எதுவும் வைக்கப்படவில்லை.

1852 ஜனவரியில் வந்த அரசமைப்பின்படி அமைச்சர்கள் தலைவருக்கு மட்டுமே பொறுப்பு. 261 உறுப்பினர் கொண்ட சட்ட அவைக்கு மசோதா கொண்டுவரும் உரிமை இல்லை. அதன் விவாதங்களை இதழ்கள் தம் விருப்பப்படி வெளியிட முடியாது. தேர்தலில் அரசின் அதிகாரபூர்வ வேட்பாளருக்கு மட்டும் வெள்ளைத் தாளில் சுவரொட்டி. மாவட்ட அதிகாரியும் மேயரும் அவருக்காக வேலை செய்தார்கள். பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டப்படி, அதிகாரிகள் எச்சரிக்கைகள் கொடுத்த பின் ஓர் இதழை நிறுத்திவிடலாம். அதனால் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தாமே தணிக்கையாளர் ஆனார். 1848 புரட்சி பிரெஞ்சு இந்தியப் பகுதிகளுக்கும் பாரிஸ் அவையில் இடம் கொடுத்திருந்தது. பேரரசுக் காலத்தில் எந்தக் குடியேற்றப் பகுதிக்கும் அங்கே இடம் இல்லை. புதுச்சேரிக்கு அது திரும்பக் கிடைத்தது 1871இல்தான்.

1852 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு: 78 லட்சம் பேர் பேரரசுக்கு ஆதரவு. டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் மூன்றாம் நெப்போலியன் ஆனார்.

அந்த ஆட்சி ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. ரயில் பாதைகள் நான்கு மடங்குக்கும் மேல் நீண்டன. பாரிஸ் புதிதாகக் கட்டப்பட்டது. 1864இல் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்று சட்டம் வந்தது. பின்னாளில் பிடியும் ஓரளவு தளர்ந்தது. ஆனால் பேரரசு என்றால் சமாதானம் என்று 1852இல் போர்தோவில் பேசியவர் கிரிமியாவிலும் இத்தாலியிலும் மெக்சிகோவிலும் போர் நடத்தினார். 1870 மே 8 அன்று மீண்டும் மக்களைக் கேட்டார். 73 லட்சம் பேர் ஆதரவு என்றார்கள். ஜூலையில் பிரஷ்யா மீது போர் அறிவித்தார். செப்டம்பர் 2 அன்று செடான் களத்தில் பேரரசரே கைதியானார். செப்டம்பர் 4 அன்று பேரரசு இல்லை. வாக்கெடுப்பில் கிடைத்த 73 லட்சம் அவருக்காகத் தெருவில் இறங்கவில்லை.

இந்த வரலாறு சொல்வது என்ன?

பாமர மக்களுக்கு வாக்குக் கொடுத்ததால்தான் சர்வாதிகாரம் வந்தது என்று அன்றே பலர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். நிகழ்ச்சிகளின் வரிசை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. அரசமைப்புக்காகத் தென்கிழக்கில் உயிரைக் கொடுத்தவர்கள் உழவர்கள். வாக்குரிமையைப் பறித்தவர்கள் படித்த, சொத்துள்ள, நாடாளுமன்ற மரபில் ஊறிய பெரியவர்கள். மக்களைக் கண்டு அஞ்சிய குடியரசைக் காக்க மக்கள் வரவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. மக்கள் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஒருவரே மக்கள் ஆகிவிடுவதில்லை. 54 லட்சம் வாக்குகள் லூயி நெப்போலியனுக்கு நான்கு ஆண்டுகளைத் தந்தன, அரசமைப்பைத் தரவில்லை. அவையும் நீதிமன்றமும் இதழ்களும் பதவிக்கால வரம்பும் மக்களின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைகள் என்று ஒரு தலைவர் சொல்லத் தொடங்கும்போது அவர் கேட்பது ஒன்றைத்தான்: நாளை மக்கள் மனம் மாறினால் அதைச் சொல்வதற்கு வழி இருக்கக் கூடாது.

பிரான்ஸ் இந்தப் பாடத்தை மறக்க நெடுங்காலம் ஆயிற்று. அடுத்த குடியரசில் தலைவரை அவைகளே தேர்ந்தெடுத்தன. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1962 வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று 1965இல்தான் திரும்பியது. 1848இல் எச்சரித்துத் தோற்ற ஜூல் கிரெவி 1879இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

தாராளவாத ஜனநாயகம் என்று நாம் அழைப்பதற்கு வாக்கும் வேண்டும், வாக்குக்கு வரம்பு கட்டும் சட்டமும் வேண்டும். சட்டத்தைக் காட்டி வாக்கைக் குறைப்பவர்களும், வாக்கைக் காட்டிச் சட்டத்தை உடைப்பவர்களும் ஒருவருக்கொருவர் வழிவிடுகிறார்கள். 1850 மே 31 இல்லாமல் 1851 டிசம்பர் 2 அத்தனை எளிதில் வந்திருக்காது. ஆகவே ஒரு நாட்டின் வாக்காளர் பட்டியலில் எளியவர்களின் பெயர் உதிரத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ளுங்கள். தலைவர் எழுந்து நின்று மக்களின் பெயரால் பேசும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

(தொடரும்)